கோல்டு ஸ்டார்ட் பண்ணுனா மட்டும் எஃப் 16ல ரேடியோவும் டாக்கனும் பேச மாட்டேங்குது, யாராவது உதவுங்க

பாளையங்கோட்டை:
எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளா இதுலயே மண்டைய ஒடச்சிக்கிட்டு கெடக்கேன், அதான் இங்க கேக்கேன். டிசிஎஸ்னு கம்ப்யூட்டர்ல ஓட்டுற விமான சிமுலேட்டர் கேம்ல எஃப் 16 சி போர் விமானம் ஓட்டுதேன், காகசஸ் மேப்பு. கொபுலேட்டிங்கிற விமான நிலையத்துல கெளம்பி படூமிங்கிற விமான நிலையத்துல எறங்கணும், அவ்வளவுதான், நடுவுல சண்டை கிண்டை எதுவும் வைக்கல. ரன்வேல எஞ்சின் ஓடிக்கிட்டு நிக்க மாதிரி எடுத்தா எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது. ஆனா நானே பேட்டரில இருந்து ஒவ்வொரு சுவிட்சா போட்டு எழுப்புனேன்னா (அதான் கோல்டு ஸ்டார்ட்), காம் ஒண்ணுங்கிற ரேடியோ பட்டன அமுக்கி 260 அடிச்சி எண்டர் தட்டுனா டவர்ல இருந்து சத்தமே இல்ல, தரை ஸ்டேஷன் எந்தப் பக்கம், எத்தன மைல்னு காட்டுற டாக்கன்ல 16 எக்ஸ் சானல் போட்டா முள்ளு அசைய மாட்டேங்குது, ரன்வேல எறங்க வழி காட்டுற ஐஎல்எஸ்ல 110.30 போட்டாலும் கோடு வரல. மூணும் ஒண்ணா போறதுதான் எனக்கு பிடிபடல. அந்த இடது பக்க கன்சோல்ல கெடக்க பேனல் எல்லாம் பாத்தா எது எதுக்குன்னே தெரியல, ரேடியோ மட்டுமே மூணு நாலு எடத்துல இருக்கு. ஏன் இத்தன?

அம்பாசமுத்திரம்:
மாப்ள மொதல்ல ஒண்ணு பாரு. படூமி டவருக்கு ரெண்டு நம்பர் உண்டு, யூஎச்எஃப் அலைவரிசைல 260, விஎச்எஃப் அலைவரிசைல 131. காம் ஒண்ணு யூஎச்எஃப், காம் ரெண்டு விஎச்எஃப். த்ராட்டில்ல இருக்க டிரான்ஸ்மிட் சுவிட்ச முன்னாடி தள்ளுனா விஎச்எஃப்ல போகும், பின்னாடி இழுத்தா யூஎச்எஃப்ல போகும். நீ காம் ஒண்ணுல 260 போட்டுட்டு முன்னாடி தள்ளுனா யாருக்கும் கேக்காது. கேம் செட்டிங்ல ஈசி கம்யூனிகேஷன் டிக்க எடுத்துட்டேன்னா இதெல்லாம் நாமதான் பாத்துக்கிடணும். அப்புறம் ஆடியோ பேனல்ல காம் ஒண்ணு குமிழ் ஆஃப்ல இருக்கான்னும் பாரு, சத்தம் கூட்டுற குமிழ்தான் அதுக்கு பவரும்.

தென்காசி:
ஐஎன்எஸ் (விமானம் எங்க இருக்குன்னு தானே கணக்கு வைக்கிற கருவி) அலைன் ஆகுறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டீங்களா? நார்மல்ல எட்டு நிமிஷம் ஆகும்லா.

பாளையங்கோட்டை:
அலைன் முடிஞ்சி நேவ்ல திருப்பிட்டுதான் நகருதேன். சுவிட்சும் பின்னாடிதான் இழுக்கேன், குமிழும் திறந்துதான் இருக்கு. இப்ப கவனிச்சி பாத்தேன், நான் அடிக்க நம்பரு ரேடியோவுல ஏறவே மாட்டேங்குது, அதான் விஷயம்னு தோணுது.

வள்ளியூர் அண்ணாச்சி:
தம்பி, நம்பரு ஏறலன்னு சொன்னேல்லா, அங்கனதான் சாவி இருக்கு. மூணும் ஒண்ணா போகுதுன்னா மூணுக்கும் பொதுவா ஒண்ணு இருக்கணும். இடது கன்சோல்ல ஐஎஃப்எஃப் பேனல்ல சி அண்ட் ஐன்னு எழுதுன ஒரு குமிழ் இருக்கும், அதுக்கு ரெண்டே நெலதான், ஒண்ணு பேக்கப், இன்னொண்ணு யூஎஃப்சி, அதாவது முன்னாடி நீ நம்பர் அடிக்க கீபோர்டு. கோல்டு ஸ்டார்ட்ல அது பேக்கப்ல நிக்கும். அத யூஎஃப்சிக்கு திருப்பு. அதுக்கு முன்ன ஏவியானிக்ஸ் பவர் பேனல்லயும் யூஎஃப்சி சுவிட்ச் ஆன்ல இருக்கணும்.

ஏன்னு சொல்லுதேன், காரணம் தெரிஞ்சாதான் மறக்காது. நம்ம ஊருல பம்பு செட்டுல கரண்டுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவுல ஒரு சேஞ்ச்ஓவர் மாட்டியிருப்பாங்கள்லா, இது அதுதான். எஞ்சின் ஓடாம பேட்டரி மட்டும் இருக்கப்ப முன்னாடி இருக்க கீபோர்டுக்கு உசுரு கெடையாது, ஆனா பைலட்டு தரையில இருக்கவங்கள்ட்டயும் டவர்லயும் பேசியாகணும். அதுக்குதான் யூஎச்எஃப் ரேடியோவுக்கு தனியா ஒரு பேனல் அங்க இருக்கு, பேட்டரிலயே ஓடும், நம்பர கையால திருகி வைக்கணும். சேஞ்ச்ஓவர் பேக்கப் பக்கம் இருந்தா ரேடியோ அந்தக் கைப்பேனல் சொல்லுதத மட்டும்தான் கேக்கும், டாக்கனும் பக்கத்துல இருக்க சக்கரத்துல என்ன சானல் நிக்கோ அதத்தான் எடுக்கும். நீ முன்னாடி உக்காந்து எத்தன தடவ எண்டர் தட்டுனாலும் அது காதுல விழாது. எஞ்சின் ஓடுற மிஷன்ல அந்தக் குமிழ் ஏற்கனவே யூஎஃப்சில இருக்கும், அதான் அங்க உனக்கு பிரச்சனையே வரல.

நான் கப்பல்ல ரேடியோ ஆபீசரா இருந்தவன், 1999 பிப்ரவரியோட ஜிஎம்டிஎஸ்எஸ்னு கப்பல்களுக்கான தானியங்கி அவசர ரேடியோ முறை முழுசா வந்து எங்க வேலைய எடுத்துருச்சி. அங்கயும் மெயின் செட்டு தனி, பேட்டரில ஓடுற ரிசர்வ் செட்டு தனி. எதுக்கு ரெண்டுன்னு புதுசா வாறவங்க கேப்பாங்க, ஒரு தடவ மெயின் பவர் போயி நடுக்கடல்ல நின்னா யாரும் அப்புறம் கேக்க மாட்டாங்க.

பாளையங்கோட்டை:
அண்ணாச்சி நூறு தடவ நன்றி!! டவர் பேசிட்டு, எனக்கு கண்ணே கலங்கிட்டு, நாலு நாளு. டாக்கன் முள்ளும் படூமிய காட்டுது, திரையில பிடிஎம்னும் வருது. ஆனா எத்தன மைல்னு நம்பரு மட்டும் வரல. முள்ளு சரி, தூரம் இல்ல. இது வேறயா?

வள்ளியூர் அண்ணாச்சி:
சரியா இருக்கு எய்யா, செட்டு ஒழுங்காதான் வேல செய்யுது. டாக்கன் காட்டுற திரையில இடது மேல டிசிஎன் ஆர்இசின்னு இருக்கும் பாரு. அது வெறும் கேக்குற நெல. கீபேடுல இருக்க சின்ன சுவிட்ச வலது பக்கம் தள்ளு, டி பார் ஆர்னு மாறும், தூரம் வந்துரும்.

எதுக்குன்னா, திச தெரிய காது போதும், தூரம் தெரிய கேள்வி கேக்கணும். கப்பல்ல டைரக்ஷன் ஃபைண்டர் வச்சி கரையில ஓடுற ஒரு ஸ்டேஷன் எந்தப் பக்கம்னு கண்டுபிடிச்சிருவோம், சாதா மீடியம் வேவ் ஸ்டேஷனே போதும், நம்ம திருநெல்வேலி வானொலி 1197 கிலோஹெர்ட்ஸ் மாதிரி. ஆனா எத்தன மைல்னு அது சொல்லாது. டாக்கன்ல விமானம் ஒரு துடிப்ப அனுப்பும், தரை ஸ்டேஷன் பதில் துடிப்பு குடுக்கும், போயிட்டு வந்த நேரத்த வச்சி தூரத்த கணக்கு போடும். ஒரு நாட்டிக்கல் மைலுக்கு போக வர 12.36 மைக்ரோ செகண்டு. ஆர்இசில விமானம் வாயே திறக்காது, அப்ப பதில் எங்க இருந்து வரும்? எதிரிக்கு நம்ம சத்தம் கேக்கக் கூடாதுன்னா ஆர்இசில வச்சிக்கிடுவாங்க, அதுக்கும் ஒரு தேவ இருக்கு.

இன்னொண்ணு, அது காட்டுறது சாய்வா அளந்த தூரம். 6,000 அடில படூமிக்கு நேர் தலைக்கு மேல போனாலும் சைபர் காட்டாது, கிட்டத்தட்ட ஒரு மைல் காட்டும், ஏன்னா ஒரு நாட்டிக்கல் மைலே 6,076 அடிதான். அத பிழைன்னு நெனச்சி மறுபடி ஆரம்பிக்காத.

அம்பாசமுத்திரம்:
அண்ணாச்சி இத்தன நாளா இந்த ஆர்இசி எதுக்குன்னே தெரியாம தாண்டி போயிக்கிட்டு இருந்தேன். மாப்ள, ஐஎல்எஸ்ஸுக்கு நான் சொல்லுதேன். நம்பர் போட்டா மட்டும் போதாது, எச்எஸ்ஐங்கிற திசை காட்டுற கருவிக்கு பக்கத்துல எம் பட்டன் இருக்கும், பிஎல்எஸ் டாக்கன்னு வர்ற வரைக்கும் ஒவ்வொரு தடவையா அமுக்கு. படூமில ரன்வே 13க்குதான் ஐஎல்எஸ், அதனால கடல் பக்கத்துல இருந்து வந்து கோர்ஸையும் அந்த ரன்வேக்கு நேரா வச்சிக்க. ஆடியோ ரெண்டு பேனல்ல ஐஎல்எஸ் குமிழையும் தொறந்து வை, அது ஆஃப்ல இருந்தாலும் வராது. டாக்கன்ல 16 வாங்கிட்டு ஒய்னு காட்டுனா சைபர் அடிச்சி எண்டர் தட்டு, எக்ஸ் ஆயிரும்.

தென்காசி:
எனக்கும் ஒரு சந்தேகம் இதுலயே கேட்டுக்கிடுதேன். 1,000 அடில மலைக்குள்ள பறந்தா டாக்கனும் போயிருது டவரும் போயிருது, மேல ஏறுனா திரும்ப வந்துருது. குமிழெல்லாம் சரியாதான் இருக்கு.

வள்ளியூர் அண்ணாச்சி:
உன் ஊருக்காரனுக்கு நான் சொல்லணுமா, மலைக்கு அந்தப் பக்கம் போனா போன்ல சிக்னல் போகும்லா, அதே சங்கதிதான். 225ல இருந்து 400 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்க யூஎச்எஃப், 1,000 மெகாஹெர்ட்ஸ சுத்தி ஓடுற டாக்கன், இதெல்லாம் நேர்கோட்டுல போறது, மலைய சுத்தி வளையாது. மலையே இல்லன்னாலும் பூமி வளைவு தடுத்துரும், 1,000 அடில 39 மைல் சொச்சம், 10,000 அடில 123 மைல் சொச்சம். அலை நீளமா இருந்தாதான் பூமிய ஒட்டி வளைஞ்சி போகும். நம்ம விஜயநாராயணத்துல கடற்படையோட ஐஎன்எஸ் கட்டபொம்மன் ரேடியோ தளம் இருக்குலா, 1990ல இருந்து அங்க விஎல்எஃப்ல அனுப்புதாங்க. விஎல்எஃப்னா 3ல இருந்து 30 கிலோஹெர்ட்ஸ், ஒரு அலையே பத்து கிலோமீட்டருக்கு கொறயாது, அதான் கடல் தண்ணிக்குள்ள இருக்க நீர்மூழ்கிக்கும் போயி சேருது. நான் அந்த ரோட்டுல போம்போதெல்லாம் டவர ஒரு தடவ நிமிந்து பாத்துட்டுதான் போவேன். ஆனா அவ்வளவு நீளத்துக்கு ஏரியல் ஒரு ஜெட்டுல எங்க மாட்ட? அதனால நீ மேல ஏறித்தான் ஆகணும்.

பாளையங்கோட்டை:
எறங்கிட்டேன்!!! டாக்கன் 10 மைல் காட்டும்போதே ஐஎல்எஸ் கோடு வந்துட்டு, ரெண்டு கோடும் நடுவுல வச்சி எறக்கிட்டேன், டவரும் டாக்சி பண்ண சொல்லிட்டு. அண்ணாச்சி, பேட்டரில இருக்கும்போதே அந்த பேக்கப் பேனல்லயே டவர கூப்புடலாம்னு சொன்னீங்கள்லா, அத எப்படி வைக்கணும்?

வள்ளியூர் அண்ணாச்சி:
சி அண்ட் ஐ பேக்கப்லயே இருக்கட்டும். கைப்பேனல்ல ஒரு குமிழ மெயின்ல வை, போத்ல வச்சா அவசரத்துக்கான 243 கார்டு சானலும் கூடவே கேக்கும், நான் போத்லதான் வைப்பேன். இன்னொரு குமிழ மேனுவல்ல வச்சிட்டு நம்பர ஒவ்வொண்ணா திருகி கொண்டு வா, கெளம்புறது கொபுலேட்டின்னா 262, 260 போட்டா படூமிக்கு போயிரும். எஞ்சின் ஓடி யூஎஃப்சி எழுந்ததும் மறக்காம சேஞ்ச்ஓவர திருப்பு. கூப்பிட்டு பாத்துட்டு சொல்லு தம்பி, நான் ராத்திரி பத்து மணி வரைக்கும் இருப்பேன்.