பாயிண்டர் நாயை ஓட்டிக் களைக்க வைத்தால் போதுமா?

ஓட்டக்காரன்:
வணக்கம். நானும் மனைவியும் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். இருவருக்கும் வேலை, அவருக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே. நான் காலையில் தவறாமல் ஓடுகிறவன். கூட ஓட ஒரு நாய் வேண்டும் என்று வெகுநாள் ஆசை. விஸ்லா, ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர் (ஜிஎஸ்பி), வெய்மரானர் இந்த மூன்றில் ஒன்று என்று வந்து நிற்கிறேன். வேட்டைக்குப் போகும் எண்ணம் இல்லை. "நன்றாக ஓட விட்டால் மீதி நேரம் தூங்கிவிடும்" என்கிறார்கள். வளர்ப்பவர்கள் சொல்லுங்கள், இது எவ்வளவு தூரம் உண்மை?

வரப்போரம்:
நேராகச் சொல்லிவிடுகிறேன் தம்பி, வேண்டாம்.

இவை துப்பாக்கிக்காரருக்கு முன்னால் நாள் முழுக்க வேலை செய்வதற்கென்றே உருவாக்கிய இனங்கள். காற்றை எதிர்கொண்டு இடமும் வலமும் வெட்டி வெட்டி ஓடும். பறவை மணம் பட்டதும் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே உறைந்து நிற்கும். சுட்டு விழுந்ததைத் தண்ணீரில் இறங்கியும் எடுத்து வரும். வேட்டைக்காரர் நடக்கும் தூரத்தைப் போலப் பல மடங்கு தூரம் நாய் ஓடியிருக்கும். உங்கள் காலை ஓட்டம் அதற்குச் சோம்பல் முறிக்கிற நேரம். அப்புறம் மாலை வரை பூட்டிய வீடு. சோபா போகும், கதவு நிலை போகும், கீழ்வீட்டுக்காரர் புகாரோடு வருவார். நான் ஜிஎஸ்பி வளர்க்கிறேன். சுற்றிலும் வெட்டவெளி. அப்படியும் அது குட்டியாக இருந்தவரை வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

செம்மண்நிறம்:
வரப்போரம் அண்ணா, ஃபிளாட் என்ற சொல்லைக் கேட்டதுமே "வேண்டாம்" என்கிறீர்கள். நான் விஸ்லாவோடு ஃபிளாட்டில்தான் இருக்கிறேன். இடம் ஒரு பிரச்சினையே இல்லை. பெரிய தோட்டத்தில் தனியாக விட்டுப் பாருங்கள், விஸ்லா ஓடி விளையாடாது. கதவுக்கு வெளியே நின்று நீங்கள் எப்போது வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்தினால்கூட வெளியே ஒரு பெருமூச்சு கேட்கும்.

ஓட்டக்காரன், எத்தனை சதுர அடி என்பதை விடுங்கள். எத்தனை மணி நேரம் அது தனியாக இருக்கப் போகிறது? மனைவி வீட்டில் இருக்கும் நாட்கள் சரி. மற்ற நாட்களில் மதியம் யார் வருவார்கள்? இதற்கு விடை இருந்தால் ஃபிளாட்டில் தாராளமாக வளர்க்கலாம். இல்லையென்றால் பத்து ஏக்கர் இருந்தாலும் வீண்.

மூக்குவழி:
அவர் கேட்டது "ஓட்டிக் களைக்க வைத்தால் போதுமா" என்று. போதாது. அதை மட்டுமே நம்பினால் நிலைமை மோசமாகும்.

நாயின் உடம்பு பழகும் உடம்பு. இன்று அதைக் களைக்க வைக்கிற தூரம் சில மாதங்களில் அதற்குப் பொருட்டாகவே இருக்காது. நீங்கள் தூரத்தைக் கூட்டுவீர்கள், அது தாங்குதிறனைக் கூட்டும். கடைசியில் உங்களிடம் இருப்பது சும்மா படுக்கத் தெரியாத ஒரு தடகள வீரன். ஓய்வைத் தனியாகக் கற்பிக்க வேண்டும். ஒரு பாயை விரித்து, அதில் அமைதியாகப் படுத்திருக்கும்போதெல்லாம் சத்தமில்லாமல் ஒரு துண்டு தீனி வையுங்கள். பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். வீட்டில் நிம்மதி வருவது அதில்தான்.

இன்னொன்று, குட்டியோடு ஓடவே முடியாது. எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடும்வரை, அதாவது இந்த அளவு நாய்களுக்குச் சுமார் 12 முதல் 18 மாதம் வரை, கடினமான சாலையில் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் இழுத்துக்கொண்டு ஓடக் கூடாது. அது தானாகப் புல்லில் ஓடி நின்று மோந்து திரிவது வேறு.

வரப்போரம்:
மூக்குவழி, ஓய்வு கற்பிப்பது சரி. ஆனால் பாய் விரித்தால் போதும் என்று புரிந்துகொண்டு நாலு பேர் ஜிஎஸ்பி வாங்கினால் ஆறு மாதத்தில் அந்த நாலும் காப்பகத்தில் இருக்கும். நாய் கயிறில்லாமல் முழு வேகத்தில் ஓட வேண்டும். மனிதனோடு சேர்ந்து ஜாகிங் போவது அதற்கு வேக நடை, அவ்வளவுதான். அந்த ஓட்டத்துக்கு ஃபிளாட்டில் இருப்பவர் எங்கே போவார்? பூங்காவில் அவிழ்த்து விட்டால் ஒரு புறா பறந்ததும் நாய் போய்விடும். நீங்கள் கத்துவது அதன் காதில் ஏறாது.

மூக்குவழி:
பாய் விரித்தால் போதும் என்று நான் எங்கே சொன்னேன்? கயிறில்லா ஓட்டம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு வழி உண்டு. பத்து மீட்டர் நீளக் கயிறு, கழுத்துப் பட்டையில் அல்ல, மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸில். கூடவே விசில். குட்டியாக வந்த நாளிலிருந்து சாப்பாடு வைக்கும்போதெல்லாம் ஒரே மாதிரி ஊதுங்கள். உங்கள் குரலில் கோபமும் பதற்றமும் ஏறி இறங்கும், விசில் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்.

அப்புறம் மூக்கு. நமக்கு மோப்ப ஏற்பிகள் 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கும் மேல் என்று பொதுவாகச் சொல்லப்படும். இந்த இனங்கள் அந்த மூக்குக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை. எந்த வேட்டை விலங்கும் கவனிக்கும், பதுங்கும், துரத்தும், பிடிக்கும். அந்தப் பதுங்கலுக்கும் துரத்தலுக்கும் நடுவே வரும் ஒரு கணத்தைத் தலைமுறை தலைமுறையாக நீட்டியதுதான் பாயிண்டர் உறைந்து நிற்பது. அதனால் அதற்கு வேலை என்றால் தேடுவது. தீனியைக் கிண்ணத்தில் வைக்காமல் புல்லில் தூவுங்கள். ஒரு கையுறையை ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள். கால் மணி நேரம் மூக்கால் வேலை செய்த நாய் தானாகப் போய்ப் படுக்கும்.

செம்மண்நிறம்:
இதில் ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். எட்டு வாரக் குட்டிகூடக் கழியில் கட்டிய இறகைப் பார்த்து உறைந்து நிற்கும், பார்க்க அவ்வளவு அழகு, எல்லோரும் காணொளி எடுப்பார்கள். அதையே தினமும் ஆடாதீர்கள். மணத்தை விட்டுவிட்டுக் கண்ணால் பார்ப்பதற்கே நிற்கப் பழகிவிடும். லேசர் ஒளியோ அறவே வேண்டாம். சுவரில் நிழலையும் வெளிச்சத்தையும் விடாமல் துரத்தும் பழக்கம் பிடித்துக்கொண்டால் விடுவிப்பது பெரும்பாடு.

சாம்பல்வால்:
மூன்று இனத்தையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் வெய்மரானர். விஸ்லா பெரும்பாலும் 20 முதல் 27 கிலோ. ஆண் வெய்மரானர் 40 கிலோவைத் தொடும். அந்நியர்களிடம் சந்தேகமும் காவல் குணமும் விஸ்லாவைவிட அதிகம். லிஃப்டில் யாராவது ஏறும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

அடுத்து வயிறு. ஆழ்ந்த மார்புள்ள இனங்கள் எல்லாவற்றுக்கும் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, வெய்மரானர் அந்தப் பட்டியலில் முன்வரிசை. வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல், வயிறு பறை போல விறைத்து, நாய் நிலைகொள்ளாமல் தவித்தால் காலை வரை பொறுக்காதீர்கள். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும், அறுவை சிகிச்சைதான் வழி. சாப்பிட்டதும் ஓடக் கூடாது. காலை ஓட்டக்காரர் என்பதால் சொல்கிறேன், முதலில் ஓட்டம், நன்றாக மூச்சு வாங்கி ஆறிய பிறகு சாப்பாடு. கிண்ணத்தை உயரத்தில் வைத்தால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். பெரிய நாய்களை வைத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில் உயரக் கிண்ணம் ஆபத்தைக் கூட்டுவதாகத்தான் வந்தது.

வரப்போரம்:
சாம்பல்வால் சொன்னது நூற்றுக்கு நூறு. வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நாய்கள் தானாக நிற்காது. நாக்கு தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கினாலும் நீங்கள் ஓடினால் அதுவும் ஓடும். உடல் வெப்பம் 41 டிகிரி தாண்டினால் கதை கந்தலாகிவிடும். நிறுத்த வேண்டியது நீங்கள்.

ஓட்டக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கொஞ்சம் பயமுறுத்திவிட்டீர்கள், பரவாயில்லை. வெய்மரானரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். மதியத்துக்கு மனைவியின் தங்கை பக்கத்துத் தெருவில் இருக்கிறாள், அவளுக்கும் நாய் பிடிக்கும். இரண்டு கேள்வி. குட்டியைவிட வளர்ந்த நாய் நல்லதா? குட்டி என்றால் சீக்கிரமே கருத்தடை செய்தால் வேகம் அடங்கும் என்று ஒருவர் சொன்னார், உண்மையா?

மூக்குவழி:
இரண்டாவதற்கு முதலில் பதில். சுறுசுறுப்பு கருத்தடையால் அடங்காது, அது இனத்தின் குணம். விஸ்லாவில் அவசரமே வேண்டாம். 2014இல் 2,505 விஸ்லாக்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. கருத்தடை செய்தவற்றில் சிலவகைப் புற்றுநோயும், இடி மழைக்குப் பயப்படுவதும் அதிகம் என்று கண்டார்கள்.

சாம்பல்வால்:
அந்த ஆய்வை எல்லோரும் இழுக்கிறார்கள். அது உரிமையாளர்கள் இணையத்தில் பெயர் சொல்லாமல் நிரப்பிய கேள்வித்தாள். கருத்தடை செய்கிறவர் மருத்துவரிடம் அடிக்கடி போகிறவராகவும் இருக்கலாம், அதனால் நோய் அதிகம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கலாம். கருத்தடை செய்யாத பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தை ஏன் சொல்வதில்லை?

மூக்குவழி:
கேள்வித்தாள் என்பது உண்மை. அதனால்தான் "செய்யாதே" என்று சொல்லவில்லை, "அவசரப்படாதே" என்றேன். வளர்ச்சி முடியட்டும், அப்புறம் உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

செம்மண்நிறம்:
முதல் கேள்விக்கு: உங்கள் நிலைமைக்கு வளர்ந்த நாய்தான் பொருத்தம். மூன்று, நான்கு வயது விஸ்லா என்றால் வந்த சில வாரத்திலேயே மெல்ல ஓட ஆரம்பிக்கலாம், எலும்புக் கவலை இல்லை. குணமும் என்னவென்று கண்ணுக்குத் தெரியும். குட்டியாகவே வேண்டுமென்றால் தாய் நாயைப் பாருங்கள். வேட்டைப் போட்டிகளுக்கென வளர்க்கும் பரம்பரையா, கண்காட்சிப் பரம்பரையா என்று கேளுங்கள். ஒரே இனத்துக்குள்ளேயே வேகத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருக்கும். பெற்றோருக்கு இடுப்பு மூட்டு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

வரப்போரம்:
வளர்ந்த விஸ்லா, மதியம் ஆள் வரும் என்றால் என் "வேண்டாம்" பாதி வாபஸ். ஜிஎஸ்பிக்கு இன்னும் வேண்டாம்தான்.

ஆனால் வளர்ந்த நாயை ஏன் கொடுக்கிறார்கள் என்று தோண்டிக் கேளுங்கள் தம்பி. "நேரமில்லை" என்பார்கள். பாதிக்கு மேல் அதன் அர்த்தம், தனியாக விட்டால் கத்துகிறது என்பதுதான். பார்க்கப் போகும்போது ஓர் அறையில் அரை மணி நேரம் தனியாக அடைத்துவிட்டு வெளியே நின்று கேளுங்கள்.

செம்மண்நிறம்:
அண்ணா, அந்நியர் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருக்கும்போது அறையில் அடைத்தால் எந்த விஸ்லாவும் கத்தும். அது சோதனையே இல்லை. இப்போது வைத்திருப்பவர்கள் வழக்கம்போல வெளியே போகும்போது ஒரு பழைய போனில் காணொளி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெட்டாத முழுக் காணொளி. முதல் அரை மணி நேரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அனுப்ப மறுத்தால் அதுவும் பதில்தான்.

ஓட்டக்காரன்:
காணொளி கேட்டு எழுதிவிட்டேன். ஐந்து வயதுப் பெண் விஸ்லா ஒன்று இருக்கிறது. கழுத்துப் பட்டை இருக்கட்டும், ஓடும்போது இடுப்பில் கட்டும் கயிறு நல்லதா, கையில் பிடிப்பதா?

மூக்குவழி:
முதல் சில வாரம் கையில். புறாவைக் கண்டு அது எந்தப் பக்கம் பாயும் என்று உங்களுக்குத் தெரிந்த பிறகு இடுப்பில்.