சினை நண்டு வாங்கலாமா?

குன்றக்குடியான்:
காரைக்குடிக்குத் தொண்டிப் பக்கத்து நண்டு வருகிறது. அடியில் முட்டை ஒட்டியிருப்பதை "சினை நண்டு, குழம்புக்கு ருசி" என்று விலை கூட்டிச் சொல்கிறார்கள். வாங்கக் கூடாது என்கிறார்களே, ஏன்? உயிரோடு இருந்தால் ஊருணியில் விட்டுவிடலாமா?

பாக்கடல்:
ஊருணி வேண்டாம் அண்ணே, நன்னீரில் செத்துப்போகும். குஞ்சுக்கும் கடல் உப்பு வேண்டும்.

நண்டைப் புரட்டிப் பாருங்கள். அடிவயிற்று மடிப்பு ஒடுங்கியிருந்தால் ஆண், அரைவட்டமாக அகன்றிருந்தால் பெண். ஓலைக்கால் நண்டில் ஆணுக்கு நீலம் தூக்கலாக இருக்கும், பெண் மங்கின பழுப்பு. மடிப்பைத் தள்ளிக்கொண்டு பஞ்சுபோல் பிதுங்குவதுதான் முட்டை. மஞ்சளாக இருந்தால் புதிது. கறுத்துவிட்டால் குஞ்சின் கண் தெரிகிறது, ஓரிரு நாளில் பொரிந்துவிடும். ஒரு நண்டில் சில லட்சம் முட்டை. பெரும்பாலானவை மீனுக்கு இரை, மிஞ்சுவதே கொஞ்சம். ஒருமுறை இணைந்தால் விந்தைச் சேமித்து வைத்து அடுத்தடுத்த ஈடும் முட்டை விடும். அத்தனையும் ஒரே சட்டியில் போகிறது.

தேவகோட்டை ஆச்சி:
அந்த வெளிமுட்டையில் ருசியே கிடையாது, மணல் மாதிரி நறநறக்கும். ருசி ஓட்டுக்குள் இருக்கும் செம்மஞ்சள் சினையில். அதுவும் இனிமேல்தான் முட்டை விடப்போகிற பெண், ஆகவே ஆணையே கேளுங்கள். கையில் தூக்கினால் கனக்க வேண்டும். அடிப்பக்கம் அமுக்கினால் அமுங்குகிறதா? ஓடு மாற்றின நண்டு, உள்ளே வெறும் தண்ணீர். ஓட்டின் ஒரு பக்க முள் நுனியிலிருந்து மறுபக்க முள் நுனிவரை 10 செ.மீ.க்குக் குறைந்ததை எடுக்காதீர்கள்.

குன்றக்குடியான்:
கடைக்கு வந்தபின் நான் ஒதுக்கி என்ன பயன் ஆச்சி?

தொண்டி வலை:
அந்த நண்டுக்குப் பயனில்லை. ஆனால் எல்லோரும் ஒதுக்கி விலை குறைந்தால் அடுத்த ஏலத்தில் தெரியும், படகிலேயே பிரித்துக் கடலில் விட்டுவிடுவார்கள். அதில் சிரமம் வலையால்தான். தங்கூசி (நைலான் நரம்பு) வலையில் மாட்டின நண்டை அவசரமாகப் பிடுங்கினால் காலோடு முட்டையும் பிய்ந்துவிடும். இழையை அறுத்து எடுத்தால் உயிரோடு விடலாம். தாய்லாந்தில் முட்டை நண்டைத் தொட்டியில் வைத்து, குஞ்சு பொரிந்ததும் கடலில் விட்டு, தாயை மட்டும் விற்கிறார்கள். கிழிந்த தங்கூசியைக் கடலில் வீசுவதுதான் இதைவிடக் கேடு. மட்கவே மட்காது, கடற்குதிரை, ஆமை எல்லாம் அதில் மாட்டிச் சாகும்.