பிளஸ் 1 கணிதம், இயற்பியல்: இணைய வகுப்புகள் எவை?

கேள்வி: மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ்வழியில் பிளஸ் 1 படிக்கும் என் மகள் வகைநுண்கணிதத்திலும் இயற்பியலிலும் திணறுவதால், கட்டணமில்லாத இணைய வகுப்புகளைப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் பதில்: ஐயா, பாடநூலிலுள்ள கியூஆர் குறியீட்டை திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்குரிய காணொலிகள் கிடைக்கும்; முதலில் அவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் பதில்: மத்திய அரசின் இணைய வகுப்புத் தளமான ஸ்வயத்தில், மத்தியப் பாடநூல்களைத் தயாரிக்கும் என்சிஇஆர்டி வழங்கும் மேல்நிலை வகுப்புகள் அந்தப் பாடநூல்களை ஒட்டியவை என்பதால், பாட வரிசை மாறும். எதுவானாலும் காணொலியை மட்டும் பார்த்துக் கணக்கு வந்துவிடாது. இடையில் நிறுத்தி, தாளில் தானே போட்டுப் பார்த்த பிறகுதான் விடையைப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் பதில்: இயற்பியலுக்கு, நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, திரையிலேயே சோதனைகள் செய்து பார்க்க உதவும் ஃபெட் (PhET) தளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எறிகோணத்தை மாற்றினால் எறிபொருளின் பாதை எப்படி மாறுகிறது என்பதை உங்கள் மகளே அதில் சோதித்துப் பார்க்கலாம்.