புதுப்பிப்பு: கால்சைட்டுக்கு ஒரே எண் ஏன் போதவில்லை?

கால்சைட் என்ற கால்சியம் கார்பனேட் படிகத்தின் மின்காப்பு மாறிலி (மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு முனைவாகிறது என்று சொல்லும் எண்) ஏன் திசைக்குத் திசை மாறுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கார்பனேட் அயனியில் இருக்கிறது.

அது தட்டை முக்கோணம். மின்புலம் அதன் தளத்திலேயே இருந்தால், ஆக்சிஜன்களில் தூண்டப்படும் இருமுனைகள் (சற்று விலகிய நேர், எதிர் மின்னூட்ட இணைகள்) மொத்தத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும். செங்குத்தாக இருந்தால் தளர்த்தும். கால்சைட்டில் எல்லா முக்கோணங்களும் ஒரே அச்சுக்குச் செங்குத்து. அதனால் இந்த வேறுபாடு படிகம் முழுக்க அப்படியே தங்குகிறது. 1924-இல் டபிள்யூ. எல். பிராக் இந்த வழியில்தான் அதன் ஒளிவிலகல் எண்களைக் கணக்கிட்டார்.

சரி, திசைக்குத் திசை மாறும் இந்த மாறிலியை எழுத உதவும் 3×3 எண் அட்டவணையான டென்சர்? ஒன்பது உறுப்புகளைப் பார்த்து மிரள வேண்டாம். அச்சுகளைப் பொருத்தமாகத் திருப்பினால் மூலைவிட்டத்தில் மூன்றே எண்கள். சோடியம் ஒளியில் ஒளிவிலகல் எண்கள் முக்கோணத் தளத்தில் 1.658, அச்சுத் திசையில் 1.486. ஒளிக்கான மின்காப்பு மாறிலி இவற்றின் வர்க்கம்; எனவே தளத்தின் இரு திசைகளுக்கும் அச்சுக்கும் 2.75, 2.75, 2.21.

மின்தேக்கியில் வைத்து அளந்தால் இவை வராது. ஒளியின் வேக அதிர்வுக்கு எலக்ட்ரான்கள் மட்டுமே ஈடுகொடுக்கும்; அங்கே அயனிகளும் அசையும், மதிப்பு 8 பக்கம் போய்விடும்.