மிளகாய்ச் செடி உயரக் கஞ்சாவுக்கு நம் வீட்டு வாசலில் இடமுண்டா?

பால்மரத்தான்:
அனைவருக்கும் வணக்கம். தானாகப் பூக்கும் குட்டைக் கஞ்சா ரகங்களைப் பற்றி நண்பர்களிடையே அண்மையில் பேச்சு எழுந்தபோது, பூந்தொட்டியில் அடங்கிவிடும் ஒரு செடிக்கு நாம் ஏன் இத்தனை நடுங்குகிறோம் என்று ஒருவர் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. என்னிடம் அந்தச் செடி கிடையாது, மலேசியச் சட்டத்தை மீறி வளர்க்கும் எண்ணமும் இல்லை. ஆனால் சட்டம் மாற வேண்டும் என்பது என் கட்சி. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்த ஒருவர் தம் தேவைக்காக மூன்று செடிகள் வரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். உருகுவே 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வீட்டுக்கு ஆறு செடிகளை அனுமதித்துவிட்டது. நம் பேராக் மாநிலத்தின் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாய்லாந்தோ 2022 ஜூன் 9ஆம் தேதி கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்தது. என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இன்று எலும்பு வரை பரவிய புற்றுநோயோடு சுங்கை சிப்புட்டில் தமான் என்னும் குடியிருப்புப் பகுதியின் ஒரு வீட்டில் படுத்திருக்கிறார், விடியும்வரை கண் மூடுவதில்லை. அவருக்காகத்தான் கேட்கிறேன்.

பழைய கிராணி:
தம்பி, உங்கள் அப்பாவின் நிலை அறிந்து வருந்துகிறேன். அந்த வருத்தத்தோடுதான் மறுத்தும் எழுதுகிறேன். செடி குட்டையா நெட்டையா என்று நம் சட்டம் பார்ப்பதில்லை. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 6பி பிரிவின்படி, கஞ்சாச் செடியை நட்டு வளர்த்த குற்றத்துக்கு ஆயுள் சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. அறுவடைக்குப் பின் கையில் இருக்கும் எடை 20 கிராமை எட்டினாலே தண்டனையைக் கூட்டும் 39ஏ பிரிவு வந்து நிற்கும். 200 கிராமை எட்டினால் விற்பனைக்காக வைத்திருந்ததாகவே சட்டம் அனுமானித்துக்கொள்ளும், அப்படியில்லை என்று நிரூபிக்க வேண்டிய சுமை குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில் விழும். அந்தக் குற்றத்துக்குத் தூக்கு ஒன்றுதான் தண்டனை என்றிருந்த நிலை 2018 மார்ச்சில் தளர்ந்தது, கட்டாயத் தூக்கு முறை 2023 ஜூலையில் முற்றாக நீங்கியது. அதனால் ஆபத்து நீங்கிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தூக்கு விதிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் இன்னும் இருக்கிறது.

நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். தோட்டம் துண்டாடப்பட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து மக்கள் தமானுக்குக் குடிபெயர்ந்த சில ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது இது. எங்கள் வரிசையில் ஓர் அம்மா, கறிவேப்பிலைத் தொட்டிக்கும் துளசி மாடத்துக்கும் நடுவில் மூன்று கறுப்பு நாற்றுப் பைகளில் இருந்த செடிகளுக்குத் தினமும் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். அவை ஜப்பான் நாட்டுப் பூச்செடிகள் என்று மகன் சொல்லியிருந்தான், அவரும் நம்பிவிட்டார். முழங்கால் உயரம்கூட இல்லை. போலீசார் வந்த அன்று அந்த அம்மா ஒரு கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றதை நான் மறக்கவில்லை. தம் பொறுப்பிலும் கட்டுப்பாட்டிலும் உள்ள ஒரு பொருளில் போதைப்பொருள் இருந்தால், அதை வைத்திருந்தவரும் அதன் தன்மையை அறிந்தவரும் அவரே என்று 37ஆம் பிரிவு அனுமானிக்கிறது. செடியைத் தினமும் பேணியவர் யார் என்று அண்டை வீட்டாரைக் கேட்டால் என்ன பதில் வரும்? அந்த அம்மாவுக்குக் கடைசியில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வாசலில் அதன் பிறகு துளசிகூட இல்லை.

தைப்பிங் தம்பி:
செடி குட்டைதான், கேஸ் மட்டும் நெட்டை.

செம்பனை நாற்றங்கால்:
சட்டத்தைக் கிராணி ஐயா சொல்லிவிட்டார். செடியைப் பற்றி யாரும் சரியாகப் பேசவில்லை என்பதால் நான் எழுதுகிறேன், நாற்றுகளோடு பிழைப்பவன் என்ற உரிமையில். வழக்கமான கஞ்சாச் செடி இரவு நீளும்போதுதான் பூக்கும். கோடையில் பகல் பதினாறு மணி நேரம் நீளும் வட ஐரோப்பாவில், இரவு நீண்டு பூ வருவதற்குள் குளிர் வந்துவிடுகிறது என்பது அங்குள்ளவர்களின் தலைவலி. 1924இல் ரஷ்யத் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி விவரித்த 'ருடெராலிஸ்' என்ற காட்டு இனம், பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் வயது வந்தவுடன் தானே பூத்துவிடும். குறுகிய கோடையில் விதை போட்டு முடித்தாக வேண்டிய கட்டாயம் அதற்கு அந்தப் பண்பைத் தந்தது. அதை மற்ற இனங்களோடு கலந்துதான் இந்தக் குட்டை ரகங்களை உருவாக்கினார்கள். விதையிலிருந்து சுமார் மூன்று மாதத்துக்குள் அதன் ஆயுளே முடிந்துவிடுகிறது.

சரி, சுங்கை சிப்புட் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகைகூட வடக்கில் இல்லை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே உள்ள வேறுபாடு ஏறக்குறைய அரை மணி நேரம்தான். பன்னிரண்டு மணி நேர இரவு நமக்கு ஆண்டு முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது, எந்தக் கஞ்சாவும் இந்த வெளிச்சத்தில் பூத்துவிடும். ஆக, எந்தக் குறைக்கு மருந்தாக அந்தப் பண்பைத் தேடிப் பிடித்தார்களோ அந்தக் குறையே நம் ஊரில் இல்லை. இங்கே மிச்சமிருக்கும் ஒரே 'சிறப்பு' மறைத்து வைக்க வசதியான உயரம். அதையும் நம்ப முடியாது, பூக்கும் காலத்து வாடைக்கு உயரம் ஒரு பொருட்டல்ல. ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீட்டில் பக்கத்து வீட்டுக் கருவாட்டுக் குழம்பே நம் சாமி அறைக்கு வருகிறது.

பால்மரத்தான்:
நாற்றங்கால் அண்ணன் சொன்ன தாவரவியலை ஏற்கிறேன். அது எனக்குப் புதிய செய்தி. ஆனால் கிராணி ஐயா எனக்குப் பதில் சொன்னதாக நினைத்து என் வாதத்தையே வலுப்படுத்தியிருக்கிறார். செம்பு பிடித்து நின்ற ஒரு தாயை நடுங்க வைத்த சட்டம் நல்ல சட்டம் என்றா சொல்ல வருகிறார்? தோட்டத்துக்குத் தோட்டம் நிர்வாகமே கள்ளுக்கடை நடத்த இடம் கொடுத்த காலத்தை அவர் பார்த்திருப்பார். சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துக் குடல் வெந்து செத்தவர்களின் பிணங்களையும் நம் மக்கள்தான் தூக்கினார்கள். அந்தச் சாராயத்துக்கு உரிமம், அபராதம் என்று அளந்து பேசிய அரசு, ஒரு செடிக்கு மட்டும் ஆயுள் சிறை என்கிறது. குற்றமாகவே இருக்கட்டும், தண்டனைக்கும் ஓர் அளவு வேண்டாமா? 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையமே 27க்கு 25 என்ற வாக்கில் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்கியது. 2021 நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின், சட்ட விதிகளுக்கு உட்பட்டு மருத்துவத்துக்காகக் கஞ்சாப் பொருள்களை இறக்குமதி செய்ய இடமுண்டு என்று நாடாளுமன்றத்துக்குப் பதில் அளித்தார். கதவு கொஞ்சம் திறந்துதான் இருக்கிறது.

மருந்தகத்து அக்கா:
தம்பி, அந்தக் கதவு மருந்துக்குத் திறந்தது, தொட்டிக்கு அல்ல. நீங்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதுதான் எனக்கு உடன்பாடில்லை. மேலைநாடுகளில் ஒப்புதல் பெற்றவை அளவு குறிக்கப்பட்ட மருந்துகள். எபிடியோலெக்ஸ் என்பது சில அரிய வகை வலிப்பு நோய்களுக்காக அமெரிக்காவில் 2018இல் ஒப்புதல் பெற்றது. சாட்டிவெக்ஸ் என்ற வாய்த் தெளிப்பு, தண்டுவட மரப்பு நோயில் வரும் தசை இறுக்கத்துக்கானது. புற்றுநோய் வலியைப் பொறுத்தவரை இவற்றின் பலனுக்குச் சான்று மெலிந்தே இருக்கிறது. வீட்டில் வளர்ந்த பூவில் எவ்வளவு வீரியம் இருக்கிறது என்று யார் அளப்பது? ஒரே செடியின் மேல் கிளைப் பூவும் கீழ்க் கிளைப் பூவும் ஒன்றுபோல் இருப்பதில்லை. உங்கள் அப்பா வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தால், கஞ்சாவில் உள்ள சேர்மங்கள் அந்த மருந்து கல்லீரலில் சிதைவதைத் தடுத்து இரத்தக்கசிவுக்கு வழிவகுக்கலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பாவுக்கு மார்ஃபின் கொடுக்கிறார்களா? மருத்துவர் எழுதித் தந்தும், அடிமையாகிவிடுவார் என்று பயந்து பிள்ளைகளே பாட்டிலை அலமாரியில் பூட்டி வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நோயாளி இரவெல்லாம் முனகுவார், மருந்து மூன்றடி தூரத்தில் இருக்கும்.

பால்மரத்தான்:
கொடுத்தார்கள். அம்மா பாதி அளவுதான் தருகிறார். நீங்கள் சொன்னதும்தான் உறைத்தது.

மருந்தகத்து அக்கா:
நாளைக்கே மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவுக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். அளவை அவர்கள் முன்னிலையில் பேசுங்கள், அம்மாவிடம் தனியாக வாதாட வேண்டாம். மலச்சிக்கலுக்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். மார்ஃபினைப் பலர் பாதியில் நிறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய கிராணி:
தண்டனையின் அளவு பற்றித் தம்பி கேட்டதற்கு நான் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஆயுள் சிறை மிகை என்றே நானும் கருதுகிறேன். மூன்று தொட்டிக்கும் மூன்று ஏக்கருக்கும் ஒரே பிரிவு பொருந்துவது முறையல்ல. ஆனால் தாய்லாந்தை முன்மாதிரியாகக் காட்டாதீர்கள். மூன்றே ஆண்டுகளில், 2025 ஜூனில், கஞ்சாப் பூவுக்கு மருத்துவச் சீட்டு வேண்டும் என்று அவர்களே கயிற்றை இறுக்கிவிட்டார்கள்.

பால்மரத்தான்:
இறுக்கினார்கள், ஐயா, ஆனால் பழைய சிறைத் தண்டனைக்கு முழுதாகத் திரும்பவில்லை. அந்த இடைவெளியைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். மீதியை அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வந்த பிறகு எழுதுகிறேன்.