வள்ளி கும்மி வாத்தியார் குரலோடு எங்கள் முதல் சிங்கிள்: பெயர், பங்கு, தேதி எல்லாம் எப்படிங்க முடிவு செய்வது?

ஊத்துக்குளி பேஸ் எழுதியது:

வணக்கமுங்க. நாலு பேர் சேர்ந்த பேண்டு எங்களுடையது. நான் பேஸ் கிட்டார். பகலில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. பையருக்கு மெயில் போட்டு முடித்த பிறகுதான் கிட்டாரைத் தொட முடியும். டிரம்மர் ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறான். திங்கட்கிழமை ராத்திரி தொடங்கி செவ்வாய் முழுக்கச் சந்தை என்பதால் அந்த நேரத்தில் போனே எடுக்க மாட்டான். கிட்டாரிஸ்ட் கோவையில் கடைசி வருஷ இன்ஜினியரிங். பாடுவது அவனுடைய அக்கா, கோபியில் வங்கி வேலை. சென்னிமலையில் தறி ஓடாமல் சும்மா கிடக்கிற ஒரு செட்டில்தான் ஒத்திகை.

சிங்கிளுக்கு, அதாவது ஆல்பம் இல்லாமல் தனியாக விடுகிற ஒற்றைப் பாட்டுக்கு, நாங்கள் எடுத்திருக்கிற பாட்டில் சரணம் எல்லாம் எங்கள் சொந்த வரிகள். பல்லவிக்கு மட்டும் வள்ளி கும்மியில், அதாவது வள்ளி முருகன் கல்யாணக் கதையைப் பாடிக் கும்மி தட்டி ஆடுகிற எங்கள் பக்கத்து ஆட்டத்தில், வரும் நாலு வரி. பாடியவர் எங்கள் பக்கத்து ஊர்க் கும்மி வாத்தியார். அவரை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டால் சரிப்படாது என்று தோட்டத்துச் சாளைக்கே (தோட்டத்து வீட்டுக்கே) மைக்கைக் கொண்டுபோனோம். ஹெட்போனில் கிளிக் (தாளம் தவறாமல் இருக்க ஒரே வேகத்தில் ஒலிக்கும் டிக் டிக் சத்தம்) போட்டுக் கொடுத்ததும் இரண்டு வரி பாடினார். அப்புறம் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு, "இது காதுக்குள்ள கொத்திக்கிட்டே இருக்குதுங் கண்ணு" என்று சொல்லி, காலால் தரையைத் தட்டிக்கொண்டு அவர் போக்கில் பாடிவிட்டார். குரல் அற்புதம். ஆனால் கும்மியில் வேகம் ஏறும் அல்லவா? 90-இல் தொடங்கி 118 பிபிஎம்மில் (நிமிஷத்துக்கு இத்தனை தட்டு என்கிற கணக்கு) போய் நிற்கிறார். நாங்கள் டிரம்ஸ் எடுத்து வைத்திருப்பதோ 102-இல்.

அது தொழில்நுட்பச் சிக்கல், எப்படியாவது தீரும். தீராதது இதுதான். கிட்டாரிஸ்ட் சொல்கிறான், "இது பாரம்பரியப் பாட்டு, யாருக்கும் சொந்தமில்லை. பேண்டு பெயரை மட்டும் போடுவோம், யூடியூப் டிஸ்கிரிப்ஷனில் வாத்தியாருக்கு நன்றி சொல்வோம்." எனக்கு மனசு ஒப்பவில்லை. வாத்தியாரிடமே கேட்டேன். "என்ற பேரு எதுக்குங் கண்ணு, வள்ளி பேரு இருந்தாப் போதும்" என்று சிரிக்கிறார். பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மோர் கொண்டுவரச் சொல்லிப் பேச்சை மாற்றுகிறார். அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் பெயர் போடலாமா? போட்டால் எந்த இடத்தில்? பங்கு என்று எழுதினால் எவ்வளவு? அப்புறம் எந்தத் தேதியில் விடுவது? ஏற்கெனவே சிங்கிள் விட்டவர்கள் சொல்லுங்க.

சிங்காநல்லூர் சவுண்டு எழுதியது:

நான் டெம்போவுக்கு, அதாவது பாட்டின் வேகத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அந்த 102-ஐத் தூக்கிப் போடுங்க தம்பி. வாத்தியார் குரலை இழுத்துச் சுருக்கி உங்கள் டிரம்ஸுக்குள் அடைத்தால் முதலில் சாகிறது கைத்தட்டுதான். டைம் ஸ்ட்ரெட்ச் செய்தால் தட்டின் முனை மழுங்கிப் போகும், கும்மிக்கு அந்த முனைதான் உயிர். அவர் குரலை முதல் டிராக்காக வையுங்க. ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ரீப்பரோ லாஜிக்கோ எதுவானாலும் சரி, அவர் காலைத் தட்டுகிற இடத்தில் எல்லாம் டெம்போ மார்க்கர் போட்டுக்கொண்டே போங்க. கிளிக் அவருக்குப் பின்னால் வரும். அப்புறம் டிரம்மரை உட்காரவைத்துப் புதிதாக எடுங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

சுருதியைத் திருத்துகிற ஆட்டோடியூன் பக்கமே போகாதீங்க. மாஸ்டரை, அதாவது கடைசியாக முடித்த ஒலிக்கோப்பை, நசுக்கி நசுக்கிச் சத்தமாக்கவும் வேண்டாம். ஸ்பாட்டிஃபை, யூடியூப் இரண்டுமே மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கிற சத்தத்தை அளக்கிற அலகு) அளவுக்கு இறக்கித்தான் ஒலிக்க வைக்கும். உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லில் நிற்கட்டும். 24 பிட் வேவ் கோப்பாக எடுத்து வையுங்க. கடைசியாக டவுன் பஸ் ஸ்பீக்கரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்க, டிரைவர் தெரிந்தவராக இருந்தால்.

ரேஸ் கோர்ஸ் ரீல்ஸ் எழுதியது:

இவ்வளவு யோசனை எதுக்கு ப்ரோ? வேகம் ஏறுகிற கடைசிப் பதினைந்து விநாடியை வெட்டி ரீல்ஸில் போடுங்க, பிடித்தால் பிடிக்கும். முழுப்பாட்டு இப்ப யார் கேட்கிறாங்க? ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் கணக்கே. உங்க பாட்டு 90-இல் மெதுவாகத் தொடங்கினால் அதுக்குள்ள ஸ்கிப் பண்ணிடுவாங்க. முன்பகுதியை வெட்டிடுங்க.

காங்கேயம் கும்மி எழுதியது:

ஏனுங்க ரேஸ் கோர்ஸ், ஒரு அரங்கேற்றத்துக்கு வந்து பாருங்க. பொழுதோட ஏழு மணிக்குப் பிள்ளையார் வணக்கத்தில் ஆரம்பித்தால் வள்ளிக்குக் கல்யாணம் முடிகிற வரைக்கும் சனம் திடலை விட்டு நகராது. நாங்கள் ஒரே நிறச் சேலையில் வரிசை கட்டி ஆடுகிறோம், சின்னப்பிள்ளை முதல் பேரன் பேத்தி எடுத்தவர் வரைக்கும். ஒரு காலத்தில் ஆண்கள் மட்டும் ஆடின ஆட்டம். பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் என்றுதான் கோவை மாவட்டத்து பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. மெதுவாகத் தொடங்குவதை வெட்டிவிட்டால் அப்புறம் வேகத்துக்கு என்னங்க அர்த்தம்? கால் பழகித்தானே கை ஏறும்.

ஊத்துக்குளித் தம்பி, உங்களுக்கு ஒன்று சொல்லட்டுமா. வாத்தியார் "என்ற பேரு எதுக்கு" என்று சொன்னாரே, அவருடைய போன அரங்கேற்றத்து பிளெக்ஸைப் போய்ப் பாருங்க. தலைக்கு மேலே வள்ளி முருகன், பக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள், நடுவில் பெரிசாக வாத்தியார் படம் இருக்கும். வாத்தியார் பெயர் இல்லாமல் இங்கே ஒரு அரங்கேற்றமும் நடக்காது. ஒவ்வொரு குழுவுக்கும் "இன்ன வாத்தியார் குழு" என்றுதான் பெயரே. அவர் வேண்டாம் என்பது வீட்டுக்கு வந்த பிள்ளைகளிடம் பெரியவர்கள் பேசுகிற மரியாதை. அதைப் பிடித்துக்கொண்டு பெயரை விட்டுவிடாதீங்க.

இன்னொன்றும் கேளுங்க அவரிடம். அந்த நாலு வரியும் பழைய வரியா, அவர் கட்டினதா? எங்கள் வாத்தியார்கள் பலபேர் பழைய மெட்டில் சொந்தமாக வரி கட்டிப் பாடுகிறவர்கள். வெளியாட்களுக்கு எல்லாமே பாரம்பரியமாகத்தான் தெரியும்.

நொய்யல் கரை எழுதியது:

கும்மிக்கார அக்கா கேட்கச் சொன்ன கேள்விதான் முதல் கேள்வி. மீதி எல்லாம் அதற்குப் பிறகு. பாட்டு வெளியே போவதற்குள் இது ஒரு தாளில் எழுதித் தீர்ந்தாக வேண்டும். வெளியே போய், ஒரு பத்தாயிரம் பேர் கேட்ட பிறகு உட்கார்ந்து பேசினால் அந்தப் பேச்சு வேறு மாதிரி இருக்கும். நான் பேண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, நீங்கள் பதிவு செய்த ஒலி இன்னொன்று. வரி தலைமுறை தலைமுறையாக வருவது என்றால் அதற்குக் காப்புரிமை இல்லை, கிட்டாரிஸ்ட் சொல்வது அந்த அளவுக்குச் சரி. ஆனால் வாத்தியார் சொந்தமாகக் கட்டின வரி என்றால், 1957 காப்புரிமைச் சட்டப்படி அவர் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 வருஷத்துக்கும் அது அவருடையது. ஒலிப்பதிவுக்கு அது வெளியானதிலிருந்து 60 வருஷம், அது பதிவுக்கு முன்கை எடுத்த உங்களுடையது. இவை போக, பாடினவர் என்ற முறையில் அவருக்கு நிகழ்த்துநர் உரிமை தனியாக 50 வருஷம் உண்டு. வரி பழசாகவே இருந்தாலும் இது போகாது. "பாரம்பரியப் பாட்டு, யாருக்கும் சொந்தமில்லை" என்று சொல்கிறவர்கள் மறக்கிற இடம் இதுதான். வரிதான் ஊருக்குப் பொது, அவர் தொண்டை அவருடையது.

பெயர் போடுகிற இடம்: பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் படிவத்தில் முதன்மைக் கலைஞர், உடன் பாடியவர் என்று தனித்தனியாகக் கேட்பார்கள். உடன் பாடியவராகப் போட்டால்கூட ஸ்பாட்டிஃபையில் அவருக்கென்று ஒரு பக்கம் திறக்கும். உங்கள் டிஸ்கிரிப்ஷன் நன்றியை எந்த மெஷினும் படிக்காது. ஒரு எச்சரிக்கை, நம் பக்கத்துப் பெயர்கள் பாதி ஒரே மாதிரி இருக்கும். புதுப் பக்கம் வேண்டும் என்று தெளிவாகக் குறிக்காவிட்டால், எங்கேயோ இருக்கிற இன்னொருவரின் பக்தி ஆல்பத்துக்குக் கீழே உங்கள் பாட்டுப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆங்கில எழுத்தில் பெயரை எப்படி எழுதுவது என்பதை ஆதார் அட்டையைப் பார்த்து முடிவு செய்யுங்க, பின்னால் பணம் வாங்க வேண்டி வந்தால் உதவும். பாடலாசிரியர் இடத்தில் முழுப்பெயர்தான் கேட்பார்கள், பட்டப்பெயர் எடுபடாது.

என்னைக் கேட்டால் உடன் பாடியவர் என்பதே குறைவு. தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்கிற பேண்டு 2018 ஜனவரியில் சென்னையில் மேடை ஏறியபோது கானா பாடகர்கள் பேண்டுக்கு உள்ளேயே நின்றார்கள், ஓரத்து அலங்காரமாக இல்லை. உங்கள் பல்லவியே வாத்தியார்தான் என்றால் முதன்மையில் போடுங்க.

பணம்: ராயல்டி வரும் என்று சொல்லி அவரைக் காத்திருக்க வைக்காதீங்க. 2024 முதல் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது ஓடினால்தான் ஸ்பாட்டிஃபை அதற்குப் பதிவு ராயல்டியே கணக்கிடுகிறது. ஓடினாலும் ஒரு புது பேண்டுக்கு வருவது டீச்செலவுக்குத்தான். பாடினதற்கு ஒரு தொகையை இப்போதே கொடுத்துவிடுங்க. கவரில் போட்டு நீட்டினால் வாங்க மாட்டார், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்து, பாடகி அந்த அம்மணி கையால் கொடுக்கச் சொல்லுங்க. வாங்கியே ஆக வேண்டும். பின்னால் வருவதற்குப் பங்கு எழுதுவது தனி. நாலு பேரோடு அவரையும் சேர்த்து ஐந்து சமபங்கு என்பது எளிது, சண்டை வராது. அவர் வரி கட்டினவர் என்றால் ஐபிஆர்எஸ்ஸில் (பாடலாசிரியர், இசையமைப்பாளருக்கு ராயல்டி வசூலித்துக் கொடுக்கிற சங்கம்) பாடலாசிரியராகச் சேர்த்துவிடுங்க. படிவம் அவரால் நிரப்ப முடியாது, உங்களில் ஒருவர்தான் உட்கார வேண்டும்.

கிட்டாரிஸ்ட் எங்காவது இலவச லூப் (யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடுகிற, திரும்பத் திரும்ப ஒலிக்கும் ரெடிமேட் இசைத்துண்டு) எடுத்துச் சேர்த்திருக்கிறாரா என்றும் கேளுங்க. சேர்த்திருந்தால் யூடியூப் கன்டென்ட் ஐடியை (உங்கள் ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோருகிற ஏற்பாடு) ஆன் செய்யாதீங்க. அதே லூப்பை வைத்திருக்கிற ஊர் பேர் தெரியாத ஒருவர் வீடியோவுக்கு உங்கள் பெயரில் கிளெய்ம் போகும். அதைவிட மோசம், வாத்தியார் குழுவின் அரங்கேற்ற வீடியோவுக்கே போனால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

சிங்காநல்லூர் அண்ணன் சொன்னதற்கு மேல் ஒலியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ரேஸ் கோர்ஸ் சொன்னதில் ரீல்ஸ் சரி, வெட்டுவது வேண்டாம்.

ரேஸ் கோர்ஸ் ரீல்ஸ் எழுதியது:

சரி சரி, வெட்டலை. ஆனா ஒன்று, திருப்பூரில் உட்கார்ந்துகிட்டு பேண்டுக்கு டீசர்ட் போடலைன்னா ஊரே சிரிக்கும் ப்ரோ.

ஊத்துக்குளி பேஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரைப் பார்த்துவிட்டு வந்தோம். கும்மிக்கார அக்கா சொன்ன பிளெக்ஸ் சாளைச் சுவரிலேயே, மழைச்சாரலுக்கு மறைப்பாகக் கட்டியிருக்கிறது. நடுவில் அவர்தான், ஜரிகைத் துண்டோடு. கிட்டாரிஸ்ட் அதைக் காட்டி, "இதுல மட்டும் பேரு இருக்குதுங்களே ஐயா" என்றதும் வெட்கப்பட்டுவிட்டார்.

முதல் இரண்டு வரி அவருடைய வாத்தியார் சொல்லிக்கொடுத்ததாம். கடைசி இரண்டும் இவரே கட்டினது, கிணறு வெட்டின வருஷம் என்றார். வள்ளி கவண் எறிகிற வரி. எங்கள் எல்லோருக்கும் அதுதான் ரொம்பப் பழைய வரி என்று தோன்றியிருந்தது. கிட்டாரிஸ்ட் திரும்பி வரும் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை, பெருந்துறை வந்ததும் "அவர் பேரையே முதல்ல போட்டுடலாம்" என்றான். தட்டு வைத்தோம், வாங்கிக்கொண்டார். ஐந்து பங்கு என்று அவர் பேத்தி நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நொய்யல் கரை அண்ணா, அதை முத்திரைத்தாளில் எழுதித் தர உங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

டெம்போ மார்க்கர் வேலை பாதி முடிந்தது. டிரம்மர் இப்போது வாத்தியார் காலைப் பார்த்துத்தான் வாசிப்பேன் என்று நிற்கிறான், வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறோம். தேதிக்குத் தைப்பூசத்துக்கு முந்தைய வெள்ளி என்று நினைத்திருக்கிறோம். பழனிக்கு நடந்து போகிறவர்கள் காங்கேயம் வழியாக வருகிற நேரம், வள்ளி முருகன் பாட்டுக்கு அதைவிட நல்ல நேரம் ஏது? வாத்தியாருக்கு வெள்ளிக்கிழமை என்றதும் ரொம்பத் திருப்தி.

நொய்யல் கரை எழுதியது:

வெள்ளி நல்லதுதான். 2015-இல் இருந்து உலகம் முழுக்கப் புதுப்பாட்டு வருகிற நாளும் அதுதான், வாத்தியாரிடம் சொல்லுங்க. ஆனால் தைப்பூசம் என்றால் டிசம்பர் முதல் வாரத்திலேயே டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்பிவிடுங்க. கிறிஸ்துமஸ் தொடங்கிப் பொங்கல் வரைக்கும் அங்கே ஒரு லீவு, இங்கே ஒரு லீவு, திருத்தம் கேட்டால் பதில் வராது. ஸ்பாட்டிஃபை ஆர்ட்டிஸ்ட் கணக்கில் பிளேலிஸ்ட் எடிட்டர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைப்பது வெளியாவதற்கு ஏழு நாளாவது முன்னால் போக வேண்டும், வெளியான பிறகு அந்தக் கதவு திறக்காது. மொழி தமிழ் என்று குறியுங்க, வள்ளி கும்மி என்பதையும் எழுதுங்க.

கவர் படம் 3000-க்கு 3000 பிக்சல், சதுரம். அதில் க்யூஆர் கோடு, இன்ஸ்டா பெயர் எதுவும் வைக்காதீங்க, திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதையெல்லாம் டீசர்ட்டில் வைத்துக்கொள்ளுங்க. எனக்கு எக்ஸ்எல்.