ஹோம்வேர்ல்ட் ஏழாவது மிஷன்ல மாட்டிக்கிட்டேன், யாராவது வழி சொல்லுங்க

ஹோம்வேர்ல்ட் ரீமாஸ்டர்டுங்கற விண்வெளிப் போர் கேம், 2015ல வந்தது, அதுல முதல் பாகம் ஆடிட்டு இருக்கேன், ஏழாவது மிஷன் கார்டன்ஸ் ஆஃப் கடேஷ்ல மூணு வாரமா அப்படியே நிக்குது. பெங்களூர் மாரத்தஹள்ளி பிஜில இருக்கேன், ஷிஃப்ட் முடிஞ்சு நைட்டு பதினொன்னுக்கு மேலதான் உக்கார முடியும். லேப்டாப் 16 ஜிபி ரேம், லேக் எதுவும் இல்ல, பிரச்சனை என் ஃப்ளீட்லதான், அதாவது கப்பல் படையில.

இந்த கேம்ல ஒரு மிஷன்ல மிச்சமான கப்பல்தான் அடுத்ததுக்கு வரும், எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதுதான், ஒவ்வொரு கப்பலும் போறப்ப நெஜமாவே வலிக்கும். ஆனா ஆறாவதுல நிறைய இழந்துட்டேன், இப்ப பெரிய போர்க்கப்பலான ஃப்ரிகேட் நாலு, வேகமான குட்டி சண்டைக் கப்பலான இன்டர்செப்டர் பன்னெண்டு, எதிரி கப்பல இழுத்துட்டு வர்ற சால்வேஜ் கார்வெட் ரெண்டு.

எதிரியோட குட்டிக் கப்பலுங்க, ஸ்வார்மர்ஸ், கூட்டமா என் தாய்க்கப்பலான மதர்ஷிப்ப மொய்க்குது. ஃப்ரிகேட் மெதுவா திரும்பறதுக்குள்ள அதுங்க பின்னாடி போயிடுது. இன்டர்செப்டர கோள வடிவ ஃபார்மேஷன்ல மதர்ஷிப்ப சுத்தி நிறுத்திப் பாத்தேன், ஸ்வார்மர்ஸுக்கு எரிபொருள் குடுக்கற பாட்ஸ அடிக்கவும் ஆள் அனுப்பினேன், திரும்பி வந்தது ரெண்டே ரெண்டு. எதிரியோட பெரிய கப்பலான நீடில்ஷிப் இருக்கற வரைக்கும் ஹைப்பர்ஸ்பேஸ்ல தாவித் தப்பிக்கவும் முடியல.

முடிச்சவங்க சொல்லுங்க, இந்த ஃப்ளீட்ட வெச்சே ஜெயிக்க முடியுமா, இல்ல அஞ்சாவது மிஷன் சேவ்லேர்ந்து திரும்ப ஆடணுமா?